வாடகைப் பொறியும் இணைப்பின் பொறுப்பும்: ஆர்பிட்டல் பற்றவைப்புக் கருவிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மருந்து, பால், உணவுத் தொழிற்சாலைகளின் துருப்பிடிக்கா எஃகுக் குழாய்களை இணைக்க ஆர்பிட்டல் பற்றவைப்புப் பொறி பயன்படுகிறது. விலைமிக்க இப்பொறியைச் சிறு பட்டறைகள் பெரும்பாலும் வாடகைக்கே பெற இயலும். பொறியை வாடகைக்குப் பெறலாம்; இணைப்பின் தகுதிச் சான்றையும் அதற்கான பொறுப்பையும் அவ்வாறு பெற இயலாது என்பதை இக்கட்டுரை தொழில்நுட்பம், தரவிதி, ஒப்பந்தச் சட்டம் ஆகிய மூன்று நிலைகளில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பற்றவைப்பு, ஆர்பிட்டல் முறை, வாடகை ஒப்பந்தம், அளவுத்திருத்தம், ஒப்படைப்பு, அறிவியல் தமிழ்

முன்னுரை

உலோகங்களை இணைக்கும் தொழிலுக்குத் தமிழில் பழைய சொல்வளம் உண்டு. பொற்கொல்லர் கையாளும் ‘பற்றாசு’ அவற்றுள் ஒன்று. ஆனால் பற்றாசு உருகி இரு துண்டுகளைப் பிணைக்கும்போது அத்துண்டுகள் உருகுவதில்லை. வெல்டிங்கிலோ துண்டுகளின் விளிம்புகளே உருகி ஒன்றாகின்றன. இவ்வேறுபாட்டைப் ‘பற்றவைப்பு’ என்னும் இன்றைய கலைச்சொல் தெளிவாகக் காட்டவில்லை. தீ மூட்டுதலையும் அதே சொல் குறிக்கிறது. எனினும் பாடநூல்களிலும் அரசு ஆவணங்களிலும் நிலைபெற்றுவிட்ட சொல் என்பதால் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது. பட்டறைகளில் இம்முறைக்கு வழங்கும் பெயர் ‘ஆர்கான் வெல்டிங்’ என்பதாகும். பயன்படும் வாயுவைக் கொண்டு தொழிலாளர் இட்ட அப்பெயர், நூல்வழக்கைவிடத் துல்லியமானது என்றே கூறலாம்.

திருச்சிராப்பள்ளியில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965இலும், அதனைச் சார்ந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1975இலும் தொடங்கப்பட்டன. துவாக்குடி உள்ளிட்ட பகுதிகளில் உலோகக் கட்டுமானப் பட்டறைகள் பெருகியதற்கு அவ்வாலையின் பணி ஆணைகளே அடிப்படையாயின. கனமான தகடுகளையும் கொதிகலன் குழாய்களையும் இணைத்துப் பழகிய இத்தகைய பட்டறை ஒன்று மருந்து ஆலைக் குழாய்ப்பணியை ஏற்க விரும்பினால், அதற்குத் தேவைப்படுவது வேறு வகைக் கருவி. ஓரிரு திங்கள் பணிக்காக அதனை விலைக்கு வாங்குவது பொருந்தாது. வாடகை குறித்த வினா இவ்விடத்தில் எழுகிறது.

கருவியும் அதன் இயக்கமும்

டங்ஸ்டன் மின்முனைக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை உண்டாக்கி, அதனை மந்தவாயுவால் காக்கும் முறைக்கு நார்த்ராப் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித் 1942இல் காப்புரிமை பெற்றார். மக்னீசிய உலோகத்தை இணைப்பது அவரது நோக்கம். ஹீலியம் அவர் கையாண்ட வாயு. 1960களில் விமானங்களின் நீரியல் அழுத்தக் குழாய்களுக்காக இம்முறை பொறிமயமாக்கப்பட்டது. குழாய் அசையாது நிற்க, மின்முனை அதனைச் சுற்றி வருவதால் ‘ஆர்பிட்டல்’ எனப் பெயர் பெற்றது.

வாடகைக்கு வரும் தொகுப்பில் மின்வழங்கி, பற்றவைப்புத் தலை, குழாயின் வெளிவிட்டத்துக்கேற்ற பிடிவளையங்கள், இணைப்புக் கம்பிகள் ஆகியன இருக்கும். குழாய் முனையைச் செங்குத்தாகச் சீவும் பொறி பல வேளைகளில் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அது இல்லாமல் ஏனையவை இருந்தும் பயனில்லை. இம்முறையில் பெரும்பாலும் நிரப்புக்கம்பி சேர்ப்பதில்லை. இரு முனைகளும் இடைவெளியின்றிப் பொருந்தியாக வேண்டும். இடைவெளி சுவர்த்தடிப்பில் 5 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்பது வழிகாட்டி விதி. 1.65 மி.மீ. சுவருக்கு அது ஏறத்தாழ 0.08 மி.மீ. கைரம்பத்தாலும் அரைப்பான் வட்டாலும் அறுத்த முனையில் இத்துல்லியத்தை எதிர்பார்க்க இயலாது.

50.8 மி.மீ. வெளிவிட்டமும் 1.65 மி.மீ. தடிப்பும் உடைய குழாயை எடுத்துக்கொள்வோம். துருப்பிடிக்கா எஃகில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிப்புக்கு ஓர் ஆம்பியர் என்பது தொடக்கநிலைக் கணக்கு. ஆகவே ஏறத்தாழ 65 ஆம்பியர். குழாயின் சுற்றளவு 159.6 மி.மீ.; மின்முனை நிமிடத்துக்கு 127 மி.மீ. நகர்ந்தால் ஒரு சுற்று முடிய 75 வினாடி ஆகும். சுற்று தொடரும்போது குழாய் சூடேறுவதால் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இக்குறைப்பைப் பொறியின் நிரல் செய்கிறது. கைத்திறனாளர் கண்ணால் கண்டு கையால் சரிசெய்வதை இங்கு முன்கூட்டியே எண்களாக எழுதிவைக்க நேர்கிறது.

வாடகைக் கணக்கில் மறைந்து நிற்கும் செலவு வாயுவைச் சார்ந்தது. குழாயின் உட்புறத்தில் காற்று எஞ்சியிருந்தால் இணைப்பின் உள்வேர் கருகி நிறமாறும். ஆதலால் ஆர்கானைச் செலுத்தி உட்காற்றை வெளியேற்ற வேண்டும். மேற்கண்ட குழாயின் 6 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 10.6 லிட்டர் காற்று உள்ளது. அதனைப் பத்து மடங்கு வாயுவால் வெளியேற்றுவதெனில் 106 லிட்டர் தேவை. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் பத்து நிமிடத்துக்கு மேலாகும். 75 வினாடிப் பணிக்கு முன் பத்து நிமிடக் காத்திருப்பு. நாள் வாடகையை இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து விலை கூறும் பட்டறை, மின்வில் எரியும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் இழப்பு உறுதி. ஆர்கான் காற்றைவிடக் கனமானது. நிறமும் மணமும் அற்றது. குழிகளிலும் தொட்டிகளுக்குள்ளும் தேங்கி, மூச்சுத்திணறலை உண்டாக்கி உயிரைப் பறிக்கவல்லது. பொறியோடு ஆக்சிஜன் அளவியையும் வாடகைக்குப் பெறுவது இரு வகையிலும் தேவையாகிறது.

பொறியில் எஞ்சியிருக்கும் நிரல்

வாடகைப் பொறியின் நினைவகத்தில் முன்பு பயன்படுத்தியவரின் நிரல்கள் பெரும்பாலும் இருக்கும். விட்டமும் தடிப்பும் ஒத்திருந்தால் அதனையே இயக்கலாம் எனத் தோன்றும். இங்கு உலோகவியல் குறுக்கிடுகிறது.

316எல் எஃகில் கந்தகம் மிகச் சிறிதளவே உள்ளது. அச்சிற்றளவே உருகுகுட்டையின் வடிவத்தை முடிவு செய்கிறது. கந்தகம் மிகக் குறைவாயின் உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை குளிர்ந்த ஓரங்களில் மிகுதியாக இருக்கும். எனவே உலோகம் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்ந்து, குட்டை அகன்று ஆழமற்றுப் போகும். கந்தகம் சற்றுக் கூடினால் இழுவிசை சூடான நடுப்பகுதியில் மிகும், ஓட்டம் உள்நோக்கித் திரும்பி வெப்பத்தைக் கீழே கொண்டுசெல்லும், ஊடுருவல் ஆழமாகும். ஹைப்பிள், ரோப்பர் ஆகியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வு இவ்வியக்கத்தை நிறுவியது. கந்தக அளவில் மிகவும் வேறுபட்ட இரு குழாய்களை இணைக்கும்போது குட்டை கந்தகம் குறைந்த பக்கமே சாய்கிறது. வெளியே அழகிய வளையமாகத் தோன்றும் இணைப்பில், உட்புறம் பொருந்துகோட்டின் ஒரு பகுதி உருகாமலே நிற்கலாம். அவ்விடுக்கில் நுண்ணுயிர் தங்கும். ஏ.எஸ்.எம்.இ. அமைப்பு உயிரிச்செயலாக்கக் கருவிகளுக்கென 1997இல் முதலில் வெளியிட்ட தரநூல், இத்தகைய குழாய்களின் கந்தகத்தை 0.005 முதல் 0.017 விழுக்காட்டுக்குள் அமைக்கும் காரணம் இதுவே.

எனவே முந்தையவரின் நிரலைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொள்ளுதல் தகும். ஒவ்வோர் உருக்குத்தொகுதிக் குழாய்க்கும் மாதிரி இணைப்பு ஒன்று செய்து, அதனைப் பிளந்து உட்புறத்தைக் காண வேண்டும். முறைமாற்றத்தின் தொடக்கத்திலும், மின்வழங்கியையோ தலையையோ மாற்றும்போதும் மாதிரி எடுப்பது நல்ல நடைமுறை. வாடகையில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. பழுதான தலைக்கு ஈடாக வாடகையாளர் மற்றொரு தலையை அனுப்பினால், பட்டறையைப் பொறுத்தவரை அது புதிய பொறியே. உட்புற நிறமாற்றத்தை மதிப்பிட ஏ.டபிள்யூ.எஸ். டி18.2 என்னும் வண்ண வழிகாட்டி உதவும். பத்து இலட்சத்தில் 10 பங்கு தொடங்கி 25,000 பங்கு வரை, பத்துவகை ஆக்சிஜன் அளவுகளில் செய்த இணைப்புகளின் தோற்றத்தை அது காட்டுகிறது.

தகுதிச் சான்று யாருடையது?

வாடகை விளம்பரங்களில் ‘சான்றளிக்கப்பட்ட பொறி’ என்னும் தொடர் காணப்படுகிறது. அது சுட்டுவது அளவுத்திருத்தச் சான்றை மட்டுமே. பொறி காட்டும் ஆம்பியரும் சுழல்வேகமும் உண்மை அளவோடு ஒத்துள்ளன என்பதே அதன் பொருள்; ஐ.எஸ்.ஓ. 17662 இதற்கான நெறிகளை வகுக்கிறது. இணைப்பு தகுதியுடையது என்று அச்சான்று கூறவில்லை.

ஏ.எஸ்.எம்.இ. தரநூலின் ஒன்பதாம் பிரிவு இவ்வகையில் ஐயத்துக்கு இடந்தரவில்லை. பற்றவைப்பைச் செய்யும் நிறுவனமே அதற்குப் பொறுப்பு. செயல்முறை விவரணத்தை எழுதி, சோதனை இணைப்பின் வழி அதனை மெய்ப்பிப்பது அந்நிறுவனத்தின் கடமை. வாடகையாளர் தம்மிடமுள்ள சோதனைப் பதிவை நகலெடுத்துத் தருவதால் அது வாடகைக்குப் பெற்றவரின் பதிவாகிவிடாது. தானியங்கிப் பொறியை இயக்குபவரைக் கைத்திறனாளரிடமிருந்து தனியாகவே இத்தரநூல் வகைப்படுத்துகிறது. கையால் டிக் முறையில் தேர்ந்தவர் அக்காரணத்தாலேயே ஆர்பிட்டல் இயக்குநராகத் தகுதி பெறார். மேலும் ஒருவர் ஒரு முறையை ஆறு மாதம் கையாளாதிருந்தால் அம்முறையில் அவரது தகுதி காலாவதியாகும். ஆண்டுக்கொரு முறை பொறியை வாடகைக்கு எடுக்கும் பட்டறைக்கு இவ்விதி பெருஞ்சுமை. ஒவ்வொரு வாடகைக் காலமும் தகுதித்தேர்வோடு தொடங்க நேரும். அத்தேர்வு நாள்களுக்கும் வாடகை உண்டு.

வாங்குவதா, வாடகையா என்னும் கணக்கை இப்பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பொறியின் விலையை 100 அலகு எனக் கற்பனையாகக் கொள்வோம். எட்டாண்டுத் தேய்மானம் ஆண்டுக்கு 12.5, வட்டி 10, பராமரிப்பும் அளவுத்திருத்தமும் 5 எனின் உடைமைச் செலவு ஆண்டுக்கு 27.5 அலகு. மாத வாடகை 6 அலகாயின் 4.6 மாதத்தில் இரண்டும் சமமாகும். அதற்குக் குறைந்த பணியுடையோர்க்கு வாடகை சிக்கனமே. ஆனால் தகுதித்தேர்வு நாள்களையும் வாயு செலுத்தும் நேரத்தையும் சேர்த்தால் 3 மாதப் பணி 4 மாத வாடகையாக நீளலாம். இதனைக் காணாத ஒப்பீடு அரைக்கணக்கே என்பது கட்டுரையாளர் கருத்து.

ஒப்பந்தச் சட்டத்தின் நிலை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 148ஆம் பிரிவு, ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒப்படைத்து, அது நிறைவேறியதும் திரும்பப் பெறும் உறவை வரையறுக்கிறது. பொறி வாடகை இவ்வகையினது. இச்சட்டத்தின் 150ஆம் பிரிவு சிறு பட்டறைகள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஒப்படைப்பவர் தாம் அறிந்த குறைகளை வெளிப்படுத்த வேண்டும் என்பது பொதுவிதி. பொருளை வாடகைக்கு விடும்போதோ, குறையை அவர் அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், அதனால் நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பாவார். கசியும் வாயுக்குழலோ காப்புறை கிழிந்த மின்கம்பியோ விளைவிக்கும் சேதம் இதனுள் அடங்கும்.

பெறுபவருக்கும் கடமைகள் உண்டு. 151ஆம் பிரிவு, இயல்பான முன்னறிவுடைய ஒருவர் தம் பொருளைக் காப்பது போன்ற கவனத்தை வேண்டுகிறது. அக்கவனம் இருந்தும் சேதம் நேர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து அவர் பொறுப்பாளர் அல்லர் என்கிறது 152. ‘வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து’ என்னும் வரையறையே நடைமுறையில் முழு எடையையும் தாங்குகிறது. எவ்வகைச் சேதத்துக்கும் பெறுபவரே பொறுப்பு என்னும் அச்சிட்ட வரியில் கையொப்பமிட்டவர் 152 தரும் காப்பைக் கைவிட்டவராகலாம். மேலும் 154ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்துக்கு மாறான பயன்பாட்டில் நேரும் சேதத்துக்குப் பெறுபவரே ஈடு செய்ய வேண்டும். ஓர் ஆலைப் பணிக்கென எடுத்த பொறியை அண்டைப் பட்டறைக்கு இரண்டு நாள் கைமாற்றித் தருவது நட்பின் பெயரால் நடப்பதுதான். சட்டத்தின் பார்வையில் அது இப்பிரிவுக்கு இட்டுச்செல்லும்.

பொறி வந்திறங்கும் நாளில் பிடிவளையங்கள், தலையின் பற்சக்கரங்கள், கம்பிகள் ஆகியவற்றை வாடகையாளரின் ஆள் முன்னிலையிலேயே படமெடுத்துப் பட்டியலிடுவது பிற்கால வழக்கைத் தவிர்க்கும். திருப்பும் நாளில் மற்றொரு பணி உண்டு. ஒவ்வோர் இணைப்பின்போதும் நிலவிய மின்னோட்டம், வேகம், நேரம் ஆகியவை பொறியில் பதிவாகியிருக்கும். குறித்த காலத்தில் திருப்பாவிடில் அதன்பின் நேரும் சேதத்துக்குப் பெறுபவரே பொறுப்பு என்பது 161ஆம் பிரிவு. ஆதலால் பட்டறைகள் பொறியை விரைந்து அனுப்பிவிடுகின்றன, பதிவுகளும் உடன் போய்விடுகின்றன. ஆலையின் தணிக்கையாளர் ஓராண்டு கழித்து ஓர் இணைப்பின் எண்ணைச் சொல்லி அதன் பதிவைக் கேட்கும்போது, அந்நினைவகத்தில் வேறொருவரின் நிரல்கள் நிறைந்திருக்கும். பதிவுகளை நகலெடுத்து, இணைப்பு எண், குழாயின் உருக்குத்தொகுதி எண், இயக்குநர் பெயர் ஆகியவற்றோடு பொருத்திக் கோப்பில் வைத்த பின்னரே பொறியை வண்டியில் ஏற்ற வேண்டும்.