தோட்டம் எங்கே, தம்பி?

என் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாய் விரித்து உட்கார்ந்து பார்த்ததோடு சரி. திரையரங்குப் பக்கம் போனதில்லை. அப்படிப்பட்டவரை 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம், கம்போங் குவாந்தானிலிருந்து கிள்ளானுக்குக் காரில் அழைத்துப் போனேன். "நம்ம தோட்டத்துக் கதையாம்மா, ரஜினியே நம்ம ஆளா வர்றாரு" என்று ஆசை காட்டியவன் நான்தான். படம் 'கபாலி'.

அந்த நாள்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விமானத்தின் மேலேயே ரஜினியின் உருவத்தை வரைந்து பறக்கவிட்டார்கள். சென்னையில் சில அலுவலகங்கள் விடுமுறைகூட விட்டன. நமக்கோ மகிழ்ச்சிக்கு வேறு காரணம் இருந்தது. தமிழ்நாட்டுப் படக்காரர்கள் இங்கே வந்தால் உயரமான கட்டடங்களையும் அகலமான சாலைகளையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். 2007இல் வந்த அஜித்தின் 'பில்லா'வும் மலேசியாவில் எடுத்த படம்தான். அதில் ஒரு லயத்து வீட்டைத் தேடிப் பாருங்கள்! பா. ரஞ்சித் அப்படிப்பட்டவர் அல்லர். 'அட்டகத்தி', 'மெட்ராஸ்' இரண்டிலும் எளிய மக்களின் வாழ்வைக் காட்டியவர். அவர் தோட்டத் தமிழனைக் கதாநாயகனாக்குகிறார் என்றதும், நூறாண்டுக் கதைக்கு விடிவு வந்ததாக நினைத்தோம்.

படத்தில் தோட்டம் இல்லாமல் இல்லை. சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பதை எதிர்த்து இளைஞன் கபாலி நிமிர்ந்து நிற்கிறான். இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரில் பரவிய வேலைநிறுத்தத்தில் நம் தொழிலாளர்கள் கேட்டதும் சீனருக்கு இணையான கூலியைத்தான். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்ற ஒருவன்! அதைவிட நல்ல காட்சியை எந்தக் கதாசிரியர் எழுதிவிடப் போகிறார்?

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் தோட்டம் போய்விட்டது. கோட்டும் காரும் துப்பாக்கியும் வந்துவிட்டன. பிறகு எல்லாம் டோனி லீயின் '43' கும்பலோடு நடக்கும் சண்டைதான்.

குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது. கீழே இருந்தவன் கோட்டுப் போடுவதே ஓர் எதிர்ப்பு என்று காட்டியது புதுமை. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு கபாலி தன் மனைவி குமுதவல்லியைக் காணும் இடத்தில் ராதிகா ஆப்தே பிரமாதமாக நடித்திருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு வெடிச்சத்தம் ஓயவே இல்லை. என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"தோட்டம் எங்கே, தம்பி?"

"அது முடிஞ்சு போச்சும்மா."

நம் நாட்டில் காட்டிய பிரதியில் இன்னொரு வேடிக்கை. இந்தியாவில் துப்பாக்கிச் சத்தத்தோடு மர்மமாக முடிந்த படம், இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்ற எழுத்தோடு முடிந்தது. எழுத்தைப் போட்டால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் போலும்! திங்கட்கிழமை என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கும்பலின் எண் எல்லார் வாயிலும் இருந்தது. கூலிக்காகக் கபாலி பேசியது ஒருவனுக்கும் நினைவில்லை. எண்களைப் பெயராகக் கொண்ட கும்பல்கள் உண்மையிலேயே நம் பையன்களை இழுத்துக்கொண்டு போகும் நாட்டில் இருக்கிறோம் அல்லவா?

ரஜினி படமென்றால் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். கும்பல் கதையே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், நம் நாட்டுக் கலைஞர் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' வந்தது. அதிலும் கும்பல் உண்டு. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தில், அப்போய் என்ற பையன் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறான் என்பதே அங்கே கதை. கற்பனை வளம் உள்ள அந்தப் பிள்ளையை வீட்டிலும் அடிக்கிறார்கள், பள்ளியிலும் அடிக்கிறார்கள். பிரம்பு பிடித்திருக்கிற எனக்கு அது சுருக்கென்றது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அதைப் போய்ப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்கு ரஞ்சித்தைக் குறை சொல்ல முடியாது.

அன்றிரவு கிள்ளானிலிருந்து திரும்பியதைச் சொல்லவில்லையே. ஜெராம் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. அதுவரை பேசாமல் வந்த அம்மா, "இதெல்லாம் அப்ப பால்மரம்" என்றார். பிறகு அவராகவே தொடர்ந்தார்.

"மழை பேஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா அன்னிக்குச் சம்பளமும் இல்ல. பாதி நெரை வெட்டுனப்புறம் பேஞ்சா, மங்குல இருக்குற பாலோட தண்ணி கலந்து எல்லாம் வீணு. ஒன்ன ஆயாக்கொட்டகையில விட்டுட்டு வந்திருப்பேன். ஒரு நாளு அப்படித்தான் பேஞ்சிச்சு. ஒங்கப்பாவும் நானும் ஒரு பலகைய தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு நின்னோம். கிராணி வந்து..."

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டேன். அம்மா இறங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கிராணி வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.