சந்தா கட்டினால் பாட்டு நம்முடையதா?

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் குடியிருப்பவர் புதுப்படப் பாட்டு கேசட்டோ சிடியோ வாங்க வேண்டுமென்றால், ஒரு காலத்தில் தேக்கா பக்கம் போய் வரவேண்டும். இப்போது படம் திரைக்கு வருவதற்கு முன்பே பாட்டு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மார்சிலிங் எம்ஆர்டியில் ஏறி இடம் பிடிப்பதற்குள் படத்தின் எல்லாப் பாடல்களையும் தேடி எடுத்துவிடலாம். கேட்பது இவ்வளவு சுலபமாகிவிட்டது. சேர்த்து வைப்பதுதான் குழப்பமாகிவிட்டது. கேசட்டை வாங்கினால் அது நம்முடையது, அவ்வளவுதான். இன்று காசு கொடுத்த பிறகும் பாட்டு நம்மிடம் தங்குமா என்பது எப்படி வாங்கினோம் என்பதைப் பொறுத்தது.

மாதச் சந்தா

ஸ்பாட்டிஃபை 2013-இல் சிங்கப்பூருக்கு வந்தது. ஆப்பிள் மியூசிக் 2015-இல் தொடங்கியது. மாதம் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்குக் கோடிக்கணக்கான பாடல்கள். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் இங்கே பொருள் சேவை வரியும் உண்டு.

சந்தா என்பது வாடகை வீடு. பணம் கட்டும்வரை குடியிருக்கலாம், நிறுத்தினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் வீட்டுக்காரர் ஓர் அறையைப் பூட்டிவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப் பூட்டியதும் உண்டு. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் கால்வைத்தது. உரிமப் பேச்சு முடியாத நிலையில் சரிகம நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரலில் அதன் பாடல்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. நாய் படம் போட்ட எச்எம்வி இசைத்தட்டு நினைவிருக்கிறதா? அதன் வாரிசுதான் சரிகம. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த பாடல்களில் ஏராளமானவை அதன் வசம். 2020-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் அவை திரும்பி வந்தன. இரு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் கேட்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செயலியில் 'டவுன்லோட்' செய்தால் பாட்டு நம்முடையதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தச் செயலிக்குள் மட்டுமே அது பாடும். ஸ்பாட்டிஃபை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்து சந்தாவைச் சரிபார்த்துக்கொள்ளும். ஜோகூருக்குப் போகும்போது கடற்பாலத்தில் பேருந்து ஊர்ந்து, கைப்பேசி மலேசிய அலைவரிசைக்கு மாறும் நேரத்தில் கேட்க அது உதவும். சேமிப்பு என்று அதை நம்பக்கூடாது.

விலைக்கு வாங்குவது

ஐடியூன்ஸ் கடை சிங்கப்பூரில் 2012 ஜூனில் பாட்டு விற்கத் தொடங்கியது. ஒரு பாட்டு ஒரு வெள்ளி சொச்சம். இப்படி வாங்கும் பாட்டுக்கு, வேறு கருவியில் பாடவிடாமல் தடுக்கும் பூட்டு கிடையாது. 2009-இலேயே ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. கணினிக்கு மாற்றலாம், பென்டிரைவில் போடலாம், வேறு நிறுவனக் கைப்பேசியிலும் கேட்கலாம்.

பூட்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நோக்கியா நல்ல உதாரணம். 2009-இல் 'கம்ஸ் வித் மியூசிக்' என்ற பெயரில் சிங்கப்பூரில் கைப்பேசி விற்றார்கள். வேண்டிய பாடல்களை இறக்கிக்கொள்ளலாம், சேவைக் காலம் முடிந்தாலும் பாட்டு தங்கும் என்றார்கள். தங்கியது, ஆனால் பதிவுசெய்த கைப்பேசியிலும் கணினியிலும் மட்டும். 2011 தொடக்கத்தில் பல நாடுகளில் அந்தச் சேவையே மூடப்பட்டது.

பூட்டில்லாத பாட்டையும் கடையிலேயே விட்டுவைக்கக்கூடாது. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் மூடப்பட்டது. வாங்கிய பாடல்களை 2021 பிப்ரவரி 24-க்குள் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளாதவர்களின் தொகுப்பு அழிக்கப்பட்டது. இங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் கவனிக்க வேண்டும்: ஆப்பிள் கணக்கின் நாட்டை சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாற்றினால், முன்பு வாங்கியதை மறுபடி இறக்க முடியாமல் போகலாம். முதலில் இறக்குங்கள், பிறகு நாட்டை மாற்றுங்கள்.

'வாங்கு' என்று பொத்தானில் போட்டுவிட்டு உரிமம் மட்டும் கொடுப்பதை, வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டது. 2025 ஜனவரி முதல் அது நடப்பில் இருக்கிறது.

தனிக் கலைஞர்களின் பாட்டு என்றால் பேண்ட்கேம்ப் நல்ல இடம். சிடி தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். காசில் பெரும்பகுதி கலைஞருக்குப் போகும். தமிழ்ச் சினிமாப் பாட்டை மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சேர்ப்பதில் நம் சிக்கல்

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2000-இல் 6 ஜிபி நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. ஆப்பிளின் ஐபாட் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஐபாடிலும் இருந்த, பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கிப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குக் கிரியேட்டிவ் காப்புரிமை வைத்திருந்ததால், 2006-இல் ஆப்பிள் அதற்கு 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

இன்றைய செயலிகளும் பாடகர், ஆல்பம், பாட்டு என்றுதான் இறங்குகின்றன. நாமோ பாட்டைப் படத்தின் பெயராலும் இசையமைப்பாளராலும் தேடுகிறவர்கள். போதாததற்கு ஆங்கிலத்தில் இளையராஜாவின் பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஒரே பாட்டு நான்கு 'ஹிட்ஸ்' தொகுப்புகளில் கிடக்கும். அதில் ஒன்று வேறு யாரோ பாடிய மறுபதிவாக இருக்கும்.

எனவே கோப்பு கைக்கு வந்ததும் பெயரை ஒழுங்குபடுத்துங்கள். '1986 – மௌன ராகம் – இளையராஜா' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பாட்டின் முதல் வரியும் பாடியவர் பெயரும். ஆண்டு முதலில் வந்தால் வரிசை தானாக அமையும். படம் தெரிந்தால் போதும், பாட்டு கிடைத்துவிடும்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐடியூன்ஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 10 எம்பி. ஆயிரம் பாட்டு 10 ஜிபி. சிடி தரத்தில் ஃபிளாக்காக வைத்தாலும் 30 ஜிபிக்குப் பக்கம்தான் வரும். 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றே தாங்கும்.

அலமாரியில் பழைய சிடி இருந்தால் அதுவும் சொத்துதான். சிடி டிரைவ் ஒன்றைக் கணினியில் செருகி ஃபிளாக்காக மாற்றி வையுங்கள். வட்டு கீறல் விழுந்து திக்கத் தொடங்கிய பிறகு செய்தால் பலனில்லை. செயலியோடு மல்லுக்கட்ட விரும்பாத பெரியவர்களுக்குச் சரிகமவின் கார்வான் பெட்டி இருக்கிறது. 2017-இல் வந்தது, தமிழ்ப் பெட்டியும் உண்டு. 5,000 பாட்டு உள்ளேயே இருப்பதால் இணையமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை. புதுப்பாட்டைக் கேட்டுப் பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் எந்த நிறுவனம் மூடினாலும் உங்களிடம் இருக்க வேண்டிய பாட்டு என்று ஒரு நூறாவது இருக்கும். அவற்றை மட்டும் பூட்டில்லாத கோப்பாக வாங்குங்கள். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று தனி டிரைவில். செலவு ஓராண்டுச் சந்தா அளவுதான் ஆகும்.