கடனாக வந்த உலகம்

மும்பை அருங்காட்சியகம் ஒன்று அயல்நாடுகளோடு கைகோத்த வரலாறு

கடன் என்னும் சொல் வங்கிகளுக்கு மட்டுமே உரியதன்று. அருங்காட்சியகங்களும் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கின்றன, வாங்குகின்றன. அந்தக் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி கிடையாது. ஆனால் பெற்ற பொருள் பெற்ற நிலையிலேயே குறித்த நாளில் திரும்பிச் சேர வேண்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சிலையைக் கடல் கடந்து அனுப்பும் நிறுவனம், பெற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் மீது எத்தகைய நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்? அந்த நம்பிக்கை எவ்வாறு வளர்கிறது என்பதற்கு மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்ரகாலயம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

இந்தோ-சாரசெனிக் பாணியில் ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த இக்கட்டடத்திற்கு 1905ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் உலகப் போரின்போது இராணுவ மருத்துவமனையாகப் பயன்பட்ட இது, 1922இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று 'வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம்' என்றிருந்த பெயர் 1998இல் மாறியது.

படிப்படியாக வளர்ந்த உறவு

பெரிய கூட்டுறவுகள் சிறிய தொடக்கங்களிலிருந்தே பிறக்கின்றன. 2012ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து எகிப்திய மம்மி ஒன்று மும்பைக்கு வந்தது. துணிச் சுற்றுகளைப் பிரிக்காமலேயே அதன் உட்புறத்தை முப்பரிமாணப் படங்களாகக் காட்டிய அக்கண்காட்சி, சிறுவர்களையும் பெரியோர்களையும் ஒருசேர ஈர்த்தது.

அடுத்த ஆண்டு வந்தது சைரஸ் உருளை. பாபிலோனை வென்ற பாரசீக மன்னர் சைரஸின் அறிவிப்பு பொறிக்கப்பட்ட களிமண் உருளை அது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பொருள் அமெரிக்க நகரங்களைச் சுற்றிய பின் மும்பையை அடைந்ததற்குப் பொருத்தமான காரணம் உண்டு. ஈரானை முன்னோர் நாடாகக் கொண்ட பார்சி மக்களின் முக்கியமான உறைவிடம் மும்பை. ஒரு நகரத்து மக்களின் நினைவோடு தொடர்புடைய பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, கண்காட்சி அயலாரின் கொடையாக நின்றுவிடாமல் அந்நகரத்தின் சொந்த நிகழ்வாகிவிடுகிறது.

ஒன்பது கதைகள்

இந்த அனுபவங்களின் பயனாக மலர்ந்ததே 2017 நவம்பரில் தொடங்கிய 'இந்தியாவும் உலகும்: ஒன்பது கதைகளில் ஒரு வரலாறு' என்னும் கண்காட்சி. நாட்டின் விடுதலையின் எழுபதாம் ஆண்டை ஒட்டி அமைந்த இதில், ஏறத்தாழ 200 பொருள்கள் இடம்பெற்றன. பாதியளவு பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்தும், எஞ்சியவை இந்தியாவின் பல அருங்காட்சியகங்களிலிருந்தும் தனியார் தொகுப்புகளிலிருந்தும் வந்தன. மும்பையில் நிறைவடைந்த பின் 2018இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் இது நடைபெற்றது.

ஆயத்தமாக உள்ள ஒரு கண்காட்சியை அப்படியே தருவித்துக்கொள்வது எளிது. மும்பை அவ்வழியில் செல்லவில்லை. இந்திய அறிஞர் நமன் அஹூஜாவும் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜே.டி. ஹில்லும் இணைந்து கதையை உருவாக்கினர். உலக வரலாற்றின் ஓரத்தில் இந்தியாவை நிறுத்தாமல், இந்தியாவில் நின்று உலகைப் பார்ப்பதே நோக்கமாயிற்று. ஆகவே ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் உருவத்தோடு மதுராவின் குஷாண மன்னர் சிலையும் ஒரே கதையில் இடம்பெற்றது. முகலாய நுண்ணோவியத்தைப் பார்த்து டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய ஜஹாங்கீரின் சித்திரமும் வந்தது. இந்தியக் கலை ஐரோப்பியக் கலைஞர் ஒருவருக்குப் பாடமாக அமைந்ததை அச்சித்திரம் காட்டிற்று.

பெட்டி திறக்கும் முன்

இக்காட்சிகளுக்குப் பின்னால் உள்ள உழைப்பு பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. கடன் தருவதற்கு முன், காட்சிக்கூடத்தின் வெப்பநிலை, ஈரப்பதம், ஒளி அளவு, தீத்தடுப்பு, காவல் ஆகியவற்றைப் பற்றிய விரிவான அறிக்கையை உரிமையாளர் கேட்பர். மும்பை போன்ற கடற்கரை நகரில் ஈரப்பதத்தைச் சீராக வைத்திருப்பதே ஒரு பெரும்பணி. பொருள் புறப்படும்போதும் வந்து சேரும்போதும் அதன் ஒவ்வொரு கீறலையும் விரிசலையும் குறித்து அறிக்கை எழுதப்படும். புதிய சூழலுக்குப் பழகுவதற்காக மரப்பெட்டிகள் வந்தவுடன் திறக்கப்படாமல் சில காலம் வைக்கப்படும். காப்பீடும் போக்குவரத்தும் பெருஞ்செலவு பிடிப்பவை. எனவே அறக்கட்டளைகளின் துணை இன்றியமையாதது. இக்கண்காட்சிக்கு டாடா அறக்கட்டளையும் கெட்டி அறக்கட்டளையும் துணைநின்றன.

நம் பொருள்கள் வெளிநாடு செல்வதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் சட்டத்தின்படி, மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ மட்டுமே அவற்றை வெளியே அனுப்ப இயலும்.

தீராத ஒரு வினா

அமராவதித் தூபியின் சிற்பங்களுள் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலும் மற்றொரு பகுதி லண்டனிலும் இருப்பதை நம் வாசகர்கள் பலர் அறிவர். ஆட்சியதிகாரத்தின் நிழலில் கடல் கடந்த பொருள்களைப் 'பகிர்ந்துகொள்வது' போதுமா, அவை திரும்பி வர வேண்டாமா என்ற வினா நியாயமானதே. தற்காலிகக் கடன் அதற்கு விடையாகாது. உரிமை பற்றிய வழக்கு வேறு, கண்காட்சி வேறு. ஆயினும் பொருளின் கதையை யார் சொல்வது என்பதில் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. விளக்கப் பலகையின் வாசகத்தைத் தீர்மானிக்கும் மேசையில் இந்திய அறிஞர்கள் சமமாக அமர்ந்தது சிறிய செய்தியன்று.

2023 டிசம்பரில் தொடங்கிய பண்டைச் சிற்பக் கண்காட்சி இவ்வழியின் அடுத்த கட்டம். இந்தியா, எகிப்து, அசீரியா, கிரேக்கம், ரோம் ஆகியவற்றின் சிற்பங்களை ஒன்றுசேர்த்த அம்முயற்சியில் லண்டனோடு பெர்லின் அரசு அருங்காட்சியகங்களும் கெட்டி அருங்காட்சியகமும் பங்கேற்றன. வெளிநாடு சென்று காண வாய்ப்பில்லாத மாணவர், தம் நாட்டிலேயே கிரேக்கச் சிற்பத்தையும் இந்தியச் சிற்பத்தையும் ஒப்பிட்டுக் கற்க இயன்றதே அதன் பெரும்பயன்.

மம்மி ஒன்றைப் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்பிய நிறுவனத்தை நம்பி அடுத்து சைரஸ் உருளை வந்தது. அதன் பின் நூறு பொருள்கள் வந்தன. சிறிய கடனை ஒழுங்காகத் தீர்த்தவருக்கே பெரிய கடன் கிட்டும் என்பதை நம் வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை மும்பை செல்வோர், கோட்டைப் பகுதியில் காலா கோடா அருகே அந்தக் குவிமாடத்தைக் கண்டால் ஒரு முற்பகலை அங்கே செலவிடுமாறு வேண்டுகிறோம்.