நோகாமல் நுங்கு தின்னும் 'குயில் தேனீ'! மண்சுவரில் நடக்கும் நூதன மோசடி

சேரம்பாடி: தேனீ என்றாலே பொழுது விடிந்ததில் இருந்து ஓடியாடி உழைக்கும் பூச்சி என்றுதான் நமக்குத் தெரியும். கூடு கட்டாமல், மகரந்தம் சேர்க்காமல், அடுத்தவர் வீட்டில் முட்டை போட்டுவிட்டு நழுவும் தேனீயும் இருக்கிறது. காக்கா கூட்டில் குயில் முட்டை வைக்கிற அதே கதைதான். அதனால் இதை 'குயில் தேனீ' என்கிறார்கள். இதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயர் 'தைரியஸ்'. கருப்பு உடம்பில் வெளிர் நீலப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

இதனிடம் ஏமாறுவது நீலப்பட்டைத் தேனீ. அது மண்சுவரிலும் மண்திட்டிலும் துளை போட்டு, அறை அறையாகக் கூடு கட்டும். ஒவ்வொரு அறையிலும் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து ஒரு முட்டை இடும். வீட்டுக்காரி பூவுக்குப் போன நேரம் பார்த்து குயில் தேனீ உள்ளே புகுந்து தன் முட்டையை வைத்துவிடும். அதில் இருந்து வரும் புழுவுக்கு அரிவாள் மாதிரி தாடை. வீட்டுக்காரியின் வாரிசைத் தீர்த்துவிட்டு, அதன் சோற்றையும் தின்று வளரும். பாவம், தாய்க்கு ஒன்றுமே தெரியாது!

இனம் பிரிப்பது எப்படி?

பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். நீலப் புள்ளி எங்கே இருக்கிறது, முதுகுத் தகட்டின் பின் ஓரம் எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது, ஆண் பூச்சியின் உறுப்பு என்ன வடிவம் என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இப்போது மரபணு சோதனையும் உண்டு. புது இனம் என்று தெரிந்தால், ஒரு பூச்சியை 'மாதிரி'யாக ஊசியில் குத்தி மியூசியத்தில் வைத்து, விவரம் எழுதி வெளியிட வேண்டும். அப்போதுதான் பெயர் செல்லும்.

1897-ல் பிங்காம் என்பவர் இந்தியத் தேனீக்களைத் தொகுத்தபோது இவற்றுக்கு 'குரோசிசா' என்றுதான் பெயர். 1962-ல் நெதர்லாந்து அறிஞர் லீப்டின்க் ஆசிய, ஆஸ்திரேலிய இனங்களை மறுபடி அலசி வரிசைப்படுத்தினார்.

வேலை இன்னும் முடியவில்லை. தேன் தரும் தேனீயிலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கருந்தேனீயை 'ஏபிஸ் கரிஞ்சொடியன்' என்ற தனி இனமாக கேரள ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தது 2022-ல்தான். அதன் எல்லையில் நீலகிரியும் வருகிறது. தேன் தருவதற்கே இந்த நிலை என்றால், தேன் தராத குயில் தேனீயை யார் தேடப் போகிறார்கள்? பெயரே இல்லாத பூச்சி அழிந்தால், அழிந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

திருடன்தானே, போகட்டும் என்று விட முடியாது. கத்தரி, தக்காளிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்ப்பது நீலப்பட்டைத் தேனீ. அது குறைந்தால் முதலில் காணாமல் போவது அதை நம்பி வாழும் குயில் தேனீதான். குயில் தேனீ கண்ணில் பட்டால் உழைப்பாளித் தேனீயும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கூட்டமாக வந்து கொட்டுகிற மலைத்தேனீ வேறு, இது வேறு. குயில் தேனீ தனியாகத் திரியும், துரத்தாது. பொழுது சாய்ந்தால் ஆண் தேனீக்கள் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்வியபடியே தூங்கும். லைன் வீட்டு வேலியோரம் அப்படிப் பார்த்தால் மருந்து அடிக்காமல் விட்டுவிடுங்கள்.