பிலிம் சுருள், உடனடி ஒளிப்படம் – செலவுக் கணக்கு

பிலிம் சுருளிலோ உடனடிப் படத்தாளிலோ ஒளிப்படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் தனிச் செலவு உண்டு. வெள்ளி உப்புகள் பூசிய படலத்தில் ஒருமுறை ஒளி பட்டுவிட்டால் அதை மீண்டும் பயன்படுத்த முடியாது. ஆகவே கேமராவின் விலையைவிடப் படங்களுக்கு ஆகும் செலவே நாளடைவில் பெரிதாகிவிடும்.

வரலாறு

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடாக் கேமரா, 100 படங்களுக்கான சுருளுடன் 25 டாலருக்கு விற்கப்பட்டது. படங்கள் முடிந்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் பெற்றுக்கொண்டு, படங்களை அச்சிட்டு, புதிய சுருளும் இட்டுத் தந்தனர். அதாவது, படம் ஒன்றுக்கு 10 சென்ட். 1900இல் வந்த பிரௌனி கேமராவின் விலை 1 டாலர்; ஆறு படச் சுருள் 15 சென்ட். ஏழாவது சுருளிலேயே சுருள்களின் விலை கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

எட்வின் லேண்ட் உருவாக்கிய போலராய்டு உடனடி கேமரா 1948இல் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. விலை 89.75 டாலர். எட்டுப் படங்களுக்கான படலம் 1.75 டாலர், படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 22 சென்ட்.

சுருளின் கணக்கு

சுருள், கழுவும் கூலி, பிரிண்ட் என இதில் செலவு மூன்றாகப் பிரிகிறது. 120 வகைச் சுருளில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்களும், 6×9 செ.மீ. அளவில் 8 படங்களும் எடுக்கலாம். சுருளின் விலையும் கழுவும் கூலியும் மாறாததால், பெரிய படத்துக்கு அச்செலவு ஒன்றரை மடங்காகிறது. ஆனால் நன்றாக வந்த படங்களை மட்டும் தேர்ந்து பிரிண்ட் போடலாம்.

உடனடிப் படத்தின் கணக்கு

இதில் தாள், இரசாயனம், பிரிண்ட் அனைத்தும் ஒரே விலையில் அடங்கும். படம் கெட்டால் முழு விலையும் வீண். 10 தாளில் 2 கெட்டால், நல்ல படம் ஒன்றின் செலவு கால் பங்கு கூடும். பெரும்பாலான வகைகளில் நெகட்டிவும் மிஞ்சாது. ஐந்து பேருக்குப் படி வேண்டுமெனில் ஐந்து தாள்கள் செலவாகும்; சுருளிலோ ஒரே நெகட்டிவில் ஐந்து பிரிண்ட் போடலாம்.

விலை மட்டுமன்று

2008இல் போலராய்டு நிறுவனம் உடனடிப் படத்தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. தாள் இல்லாவிட்டால் கேமரா வெறும் பெட்டிதான். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகர ஆலையை வேறொரு குழுவினர் ஏற்று, தயாரிப்பை மீட்டனர். எனவே பழைய கேமராவை மலிவாக வாங்கும் முன், அதற்குரிய படலம் கிடைக்கிறதா, நல்ல படம் ஒன்றுக்கு எவ்வளவு செலவாகும் என இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.