மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று அதன் வடபகுதி வன்னியின் நடுவே செல்கிறது. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் கிழக்கே பிரியும் வீதிகள் முல்லைத்தீவுக்குப் போகின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் வயலும் குளமுமாகக் கிடக்கும் இந்த நிலத்தில் மோட்டார் சைக்கிளை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாப்பா கடைக்குப் போவதும், உம்மா கிளினிக் போவதும், நாம் மாலை வகுப்புக்குப் போவதும் அதிலேதான்.

ஆயினும், அந்த வண்டி எப்படி ஓடுகிறது, ஏன் இடைவழியில் நிற்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் நானாவைக் கைகாட்டிவிடுவோம். இது ஆண்களுக்குரிய அறிவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் நாம் படித்த ஆவியாதலும் தகனமும் உராய்வும்தான் இதற்குள்ளும் இருக்கின்றன. அதை விளங்கிக்கொள்ள, வன்னி மக்கள் ஒரு காலத்தில் செய்துகாட்டிய ஒரு செயலிலிருந்து தொடங்கலாம்.

பெற்றோல் இல்லாத காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி, உரம் எனப் பல பொருட்கள் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குள் செல்லாமல் தடுக்கப்பட்டன. வன்னியில் இந்த நிலை 2002ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நீடித்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்த நம் குடும்பங்கள் பல இந்தக் காலத்தை நேரில் காணவில்லை. அதனால் பக்கத்து ஊர்க்காரர்களின் இந்த அனுபவம் நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களிலும் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின. ஹொண்டா சி.50, சி.90, ஜப்பானியத் தபால் சேவைக்கென்று செய்யப்பட்ட எம்.டி.90 போன்ற சிறிய வண்டிகளின் தாங்கியில் மண்ணெண்ணெய் நிரப்பப்பட்டது. கையில் ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதில் சில துளிகளைக் காபரேற்றரின் காற்று வாயிலில் விட்டு உதைப்பார்கள். என்ஜின் பெற்றோலில் பற்றிக்கொண்டு, சூடேறியதும் மண்ணெண்ணெயில் தொடரும். அந்தச் சில துளிகளின் விலை அன்று பெரிது. ஒரு போத்தல் பெற்றோலை வாரக்கணக்கில் பேணிப் பாவித்தவர்கள் உண்டு.

ஏன் அந்தச் சில துளிகள்?

என்ஜினுக்குள் எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவி. பெற்றோல் இலகுவில் ஆவியாகும். அதன் தீப்பற்றுநிலை ஏறத்தாழ மறை 40 பாகை செல்சியஸ். எந்தக் குளிரிலும் எரியக்கூடிய ஆவியை அது தந்துவிடும். மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலை 38 பாகைக்கும் மேலே. வன்னியின் நடுப்பகல் வெயிலிலும்கூட, ஆறிக் கிடக்கும் என்ஜினுக்குள் போதிய ஆவி உண்டாகாது. ஆகவேதான் முதலில் பெற்றோல் வேண்டும். என்ஜின் சுட்டபின் அந்தச் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும்.

இது வன்னியில் மட்டும் நடந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் இதே முறையில் உழவு இயந்திரங்கள் ஓடின. பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றுவார்கள். நம் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளரின் படகு என்ஜின்களிலும், தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் சிறிய பம்பிகளிலும் இந்த முறை பழக்கமானது. படகிலும் பம்பியிலும் கண்டதை மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்ததுதான் அன்றைய கெட்டித்தனம்.

கரியும் புகையும்

ஆனால் மண்ணெண்ணெய் சும்மா உழைக்கவில்லை. அதற்கு ஒக்ரேன் பெறுமானம் மிகக் குறைவு. நாம் வாங்கும் பெற்றோலில் 92, 95 என்று எழுதியிருப்பது இந்தப் பெறுமானமே. அது குறையும்போது எரிபொருள் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, என்ஜினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும். ஏற்றத்தில் வண்டி திணறும். முழுமையாக எரியாத பகுதி கரியாகி பிளக்கிலும் சைலன்சரிலும் படியும். இன்னொரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் நீர்த்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

ஆகவே அன்றைய ஓட்டுநர்கள் பிளக்கை அடிக்கடி கழற்றி மண்கடதாசியால் தேய்த்தார்கள். ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்து, அதன் பிசுக்குக் குறைந்தால் மாற்றினார்கள். என்ஜின் தலையைத் திறந்து கரி சுரண்டினார்கள். கராஜிலும் தேநீர்க்கடையிலும் கண்ட ஒருவரிடம் மற்றவர் கேட்டறிந்த அறிவு அது. அதற்கு ஒரு புத்தகமும் இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அப்போது பழைய நினைவில் மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. இன்றைய வண்டிகளில் அதைச் செய்யக்கூடாது. இவற்றின் என்ஜினில் அமுக்கம் கூடியது. பலவற்றில் காபரேற்றருக்குப் பதிலாக நுண்ணிய துளைகளால் எரிபொருளைத் தெளிக்கும் கருவி உண்டு. அது அடைபட்டால் செலவு பெரிது. பெற்றோலைப் பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றி வீட்டுக்குள் வைப்பதும் ஆபத்து. அதன் ஆவி தரையோடு பரவி, தூரத்து அடுப்பிலும் பற்றும்.

அந்தக் காலத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பார்க்கும் பழக்கத்தை. வண்டி நிற்கும்வரை காத்திராமல், அது காட்டும் அடையாளத்தைப் படிக்கப் பழகுவோம்.

இன்று நாம் பார்க்க வேண்டியவை

முதலாவது, ரயரின் காற்று. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து விரியும், அதனால் சூடேறும், வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் இன்னும் சூடேறி வெடிக்கலாம். திருப்பத்தில் வண்டி வழுக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் ரயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். ஓடிச் சூடான ரயரில் அளவு கூடிக் காட்டும் என்பதால், வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் அளப்பதே சரி.

இரண்டாவது, என்ஜின் ஒயில். வண்டியை நேராக நிறுத்தி, அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் வைத்துப் பார்த்தால் இரு கோடுகளுக்கிடையே ஒயில் தெரிய வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் ஓட்டக்கூடாது.

மூன்றாவது, காற்று வடிகட்டி. ஏ-9 வீதியை விட்டு உள்ளூருக்குத் திரும்பினால் கிரவல் வீதி. முன்னே ஒரு டிப்பர் போனால் செம்புழுதியில் எதுவும் தெரியாது. அந்தப் புழுதி வடிகட்டியை அடைக்கும்போது என்ஜினுக்குக் காற்றுப் போதாமல் பெற்றோல் வீணாகும். பிளக்கைக் கழற்றினால் அதன் முனை கரிக்கறுப்பாக இருக்கும். மண்ணெண்ணெய்க் காலத்தின் அதே அடையாளம்! நன்றாக எரியும் என்ஜினில் பிளக் முனை இளம் மண்ணிறமாக இருக்கும். பஞ்சு போன்ற வடிகட்டியைக் கழுவலாம். கடதாசி வடிகட்டியைக் கழுவக்கூடாது, மாற்ற வேண்டும்.

நான்காவது, செயின். அதன் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பல வண்டிகளில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை அசைய வேண்டும். கூடத் தளர்ந்தால் கழன்று சில்லை இறுக்கிவிடும். கூட இறுகினால் அறும். பழைய கழிவொயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஏற்கெனவே உலோகத் தூளும் அழுக்கும் இருப்பதால் அது செயினை அராவும். ஸ்கூட்டிகளில் செயினுக்குப் பதிலாக மூடியினுள் பட்டி இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஐந்தாவது, பிரேக்கும் வெளிச்சமும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் நகரும். முன்னே எதையோ கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே 25 மீற்றர் போய்விட்டிருப்போம். 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 17 மீற்றர்தான். இரவில் வன்னி வீதிகளில் மாடுகள் சூடு தேடித் தார் மேலேயே படுத்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் கறுத்த மாடு தெரியவராது. இருட்டில் அந்த 8 மீற்றர் வித்தியாசம் ஓர் உயிரின் வித்தியாசம்.

உடையும் தலைக்கவசமும்

தூரப் பயணம் போகும் ஓட்டுநர்கள் தமக்குள் அதிகம் பேசுவது கையுறை, சப்பாத்து, தலைக்கவசம் பற்றித்தான். ஆனால் அவர்களின் பேச்சில் அபாயாவும் பர்தாவும் அணிந்து பின்னால் அமரும் நமக்குரிய அறிவுரை அரிதாகவே வரும். அதை நாமே பேசிக்கொள்ள வேண்டும்.

சுழலும் சில்லுக்குத் துணி எவ்வளவு மெல்லியது என்பது பொருட்டல்ல. 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன், கழுத்தில் சுற்றிய நீண்ட சால்வை காரின் சில்லில் சிக்கி இறந்தார். வங்காளதேசத்தில் சில்லில் சிக்கிய துப்பட்டாவினால் கழுத்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட இளம் பெண்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சால்வையின் நுனி பின்னால் பறக்காமல் உள்ளே செருகப்பட வேண்டும். அபாயாவின் கீழ்விளிம்பைச் சேர்த்து மடித்து, இருக்கையின் கீழ் தொங்காமல் அமர வேண்டும். உள்ளே நீளக் காற்சட்டை அணிந்து இரு பக்கமும் கால் போட்டு அமர்ந்தால் உடையும் ஒழுங்காக இருக்கும், வண்டியின் சமநிலையும் குலையாது. பின் சில்லின் பக்கத்தில் பூட்டும் 'சாரி காட்' கம்பியை அழகு கெடும் என்று கழற்றிவிடும் நானாமாரிடம், அதைத் திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளின் குதிக்கால் சில்லுக் கம்பிக்குள் போகாமல் காப்பதும் அதுவே.

தலைக்கவசத்தின் வெளி ஓடு பலருக்குத் தெரியும். உயிர் காப்பதில் பெரும் பங்கு உள்ளேயிருக்கும் ரெஜிபோமுக்கு உரியது. அடிபடும்போது அது நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கினால் மீண்டும் எழாது. ஆகவே பலத்த அடிபட்ட தலைக்கவசத்தை, கீறல் தெரியாவிட்டாலும், மாற்ற வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 வீதத்தாலும் தலைக்காயத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாகக் கண்டனர். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

பர்தாவோடு அணியும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். தலைக்கவசத்தின் கீழ் ஊசி எதுவும் குத்தியிருக்கக்கூடாது. விழுந்தால் அது தலைக்குள் ஏறும். கொண்டையை உச்சியில் கட்டினால் தலைக்கவசம் மேலே தூக்கி நிற்கும். பிடரிக்குக் கீழே கட்டுங்கள். கடையில் வாங்கும்போது, வழமையாக அணியும் பர்தாவோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். நாடிப் பட்டி பூட்டாத தலைக்கவசம் விழும் முன்னரே கழன்று போய்விடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

வாப்பாவின் தலையில் நல்ல தலைக்கவசமும், உம்மாவின் தலையில் பொலிசுக்குக் காட்டும் மலிவுத் தொப்பியும், நடுவில் இருக்கும் பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லாமலும் போகும் வண்டிகளை நாள்தோறும் காண்கிறோம். விழும்போது வீதி மூவருக்கும் ஒரே கடினம்தான். 18 வயதாகி அனுமதிப்பத்திரம் எடுக்கும் முன் மகளிடமோ மகனிடமோ திறப்பைக் கொடுக்காதீர்கள். ஆனால் வண்டியைப் பார்க்கும் பழக்கத்துக்கு வயதெல்லை இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவும்போது மகளையும் பக்கத்தில் அழையுங்கள். ரயரை அழுத்திப் பார்க்கவும், ஒயில் குச்சியைத் துடைத்து வாசிக்கவும், பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் நின்று சொல்லவும் அவளுக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு ஒரு நாள் ஒட்டுசுட்டான் காட்டு வீதியில் வண்டி நின்றுபோனால், முதலில் எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.