வடுப்பட்ட நினைவும் வெறுக்கப்படும் உடலும்

ஒரு கொடிய நினைவை மனத்தில் நிறுத்தியபடியே கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் செய்து, அந்நினைவு கிளப்பும் வேதனையைத் தணிக்க முயலும் உளச்சிகிச்சை முறை இ.எம்.டி.ஆர். என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ, தம்மைத் தொல்லைப்படுத்திய சில எண்ணங்கள் கண்கள் விரைந்து அசைந்தபோது வலுவிழந்ததை 1987இல் கவனித்து, அதிலிருந்து இம்முறையை வகுத்தார். 22 பேரைக் கொண்டு அவர் நடத்திய முதல் ஆய்வு 1989இல் வெளியாயிற்று. விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை போன்றவற்றுக்கு ஆளானவர்களை அந்நிகழ்வுகள் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நிலைக்காகவே, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் நோய்க்காகவே, இது உருவானது. உணவுக் கோளாறுகளுக்கும் தன் உடல்மீதான வெறுப்புக்கும் இதனைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னர் வந்தது. அவ்வழக்கத்துக்கு எவ்வளவு சான்று உண்டு என்பதைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

சிகிச்சை எட்டுக் கட்டங்களாக நடைபெறுகிறது. முதலில் நோயாளியின் வாழ்க்கை வரலாறு கேட்டறியப்படுகிறது. அடுத்து, வேதனை மேலிடும்போது மனத்தை அமைதிக்குக் கொண்டுவரும் பயிற்சிகள் கற்பிக்கப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நினைவு தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் மிகக் கொடிய காட்சி, அது தன்னைப் பற்றி விதைத்துவிட்ட நம்பிக்கை, அதற்கு மாறாகத் தான் நம்ப விரும்புவது, அந்நேரத்தில் உடலில் எங்கே இறுக்கம் தோன்றுகிறது என்பன கேட்கப்படுகின்றன. வேதனையின் அளவை நோயாளியே 0 முதல் 10 வரையிலான எண்ணால் குறிக்கிறார். பின்னர் அவர் அக்காட்சியை நினைத்தபடி, சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்களால் சுமார் அரை நிமிடம் பின்தொடர்ந்து, நிறுத்தியதும் மனத்தில் எழுந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறார்; வேதனை அடங்கும்வரை இது தொடர்கிறது. சிலருக்குக் கண்ணசைவுக்குப் பதிலாகக் கைகளில் மாறிமாறித் தட்டுவதும் உண்டு. விரும்பிய நம்பிக்கையை நிலைப்படுத்திய பின், தலைமுதல் கால்வரை உடலை மனத்தால் துழாவி எஞ்சிய இறுக்கத்தைத் தேடுவது ஆறாம் கட்டம். தன் உடலை உணரவே அஞ்சும் ஒருவருக்கு எட்டிலும் இதுவே கடினமானதாக இருக்கக்கூடும்.

மனவுளைச்சல் நோயைப் பொறுத்தவரை இம்முறையின் தகுதி பெரிதும் நிலைபெற்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2013இலும், பிரிட்டனின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2018இலும் இதனைப் பரிந்துரைத்தன. போர்க்களத்தில் நேர்ந்த அதிர்ச்சியை மட்டும் நைஸ் விலக்கி வைத்தது. கண்ணசைவுக்கு இதில் பங்கு உண்டா என்ற பழைய சண்டையோ இன்னும் முற்றாக ஓயவில்லை: 2001இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதனால் கூடுதல் பயனில்லை என்றது, 2013இல் வந்த மற்றொன்று உண்டு என்றது. ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடியவை அளவுக்குட்பட்டவை என்பதால், கண்ணசைவும் நினைவும் மனத்தின் அந்தக் குறுகிய இடத்துக்குப் போட்டியிட, நினைவு தன் கூர்மையை இழக்கிறது என்பது இன்று செல்வாக்குள்ள விளக்கம்.

உணவுக்கும் மனவடுவுக்கும் உள்ள தொடர்பு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. 1980களில் அங்கே உடற்பருமன் சிகிச்சை மையம் ஒன்றை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் விலகிப் போவதைக் கண்டு விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்றும், சிலருக்குப் பருத்த உடலே பிறர் கண்ணிலிருந்து தம்மைக் காக்கும் அரணாக இருந்தது என்றும் அறிந்தார். சிறுவயதுத் துன்பங்கள் பிற்கால உடல்நலத்தைப் பாதிப்பது குறித்து 1998இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக்கு இதுவே வித்து. எனினும் உணவுக் கோளாறு உள்ள எல்லாரிடமும் மறைந்த கொடுமை ஒன்று இருந்தே தீரும் என்று தோண்டத் தொடங்குவது தவறும் தீங்குமாகும்; மரபுக்கூறும் குணவியல்பும் உணவுக் கட்டுப்பாடும் இந்நோய்க்கு வழியமைக்கின்றன, சில வேளைகளில் பள்ளியில் கேட்ட ஒரு கேலிச்சொல்லே ஆறாத வடுவாகிவிடுகிறது.

இத்தகைய நினைவுகளைக் குறிவைத்த ஆய்வுகளுள் 2008இல் வெளியான ஒன்று முக்கியமானது. உணவுக் கோளாறுக்காகத் தங்கிச் சிகிச்சை பெற்ற 86 பெண்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும், மறுபிரிவினருக்கு அதனுடன் இ.எம்.டி.ஆரும் அளிக்கப்பட்டன. இரண்டாம் பிரிவினரிடம் உடலைப் பற்றிய கசப்பான நினைவுகளின் வேதனையும் உடல்மீதான அதிருப்தியும் மற்றவர்களைவிடக் குறைந்தன. அவ்வேறுபாடு 12 மாதங்களுக்குப் பின்னும் நீடித்தது. ஆனால் உடல் தோற்றம் குறித்த வேறு அளவுகோல்களிலும், நோயின் பிற கூறுகளிலும் இரு பிரிவினரும் ஒரே நிலையிலேயே இருந்தனர். இம்முடிவின் முற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது விளம்பரத்துக்கு உதவும். நோயாளிக்குப் பிற்பாதியும் தெரிந்தாக வேண்டும். நினைவின் வேதனை தணிவது பெரும்பேறுதான் என்றாலும், பட்டினி கிடப்பதும், அளவின்றி உண்பதும், உண்டதை வாந்தியெடுப்பதும் அதனால் மட்டும் நின்றுவிடுவதில்லை. நைஸ் அமைப்பு உணவுக் கோளாறுகளுக்கென 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சையும், இளையோருக்குக் குடும்பத்தை ஈடுபடுத்தும் சிகிச்சையுமே முன்னிடம் பெறுகின்றன.

உடல் மிக மெலிந்துபோனவர்களிடம் கொடிய நினைவுகளைக் கிளற அவசரப்படலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியாண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில், உடலும் மனமும் நலமாயிருந்த 36 ஆண்கள் பல மாதம் அரைவயிற்றுக்கு உண்டபோது, பலர் இடைவிடாது உணவையே எண்ணிச் சோர்வுக்கும் எரிச்சலுக்கும் ஆளாயினர். பட்டினியே மனத்தைத் திரித்துவிடும் என்பதை அது காட்டியது. ஆகையால் முதலில் ஊட்டம், அதன்பின் நினைவு என்ற வரிசை பொதுவாகப் பின்பற்றத்தக்கது. அடிக்கடி வாந்தியெடுப்பவர்களின் குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடம் மாறக்கூடும் என்பதால், எந்த உளச்சிகிச்சை நடந்தாலும் அதனருகில் ஒரு பொதுமருத்துவரின் கண்காணிப்பும் குருதிப் பரிசோதனையும் இருந்தாக வேண்டும்.